காலி வீதியும் கொட்டாஞ்சேனை முக்கோணமும்

பூச்சியத்தையும் ஒன்றையும் மட்டும் கொண்டு நிரப்பப்பட்ட செவ்வக அட்டவணையைத் துவிதத் தாயம் என்பர். இலங்கைப் பாடநூல்கள் தாயம் என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அணி என்றும் குறிப்பிடுவது ஒரே பொருளைத்தான். அதன் கிடை வரிசைகள் நிரைகள், நெடு வரிசைகள் நிரல்கள். எந்த ஆசிரியர் எந்தப் பாடத்தைக் கற்பிக்க வல்லவர், எந்த பஸ் எந்தத் தரிப்பிடத்தில் நிற்கும், எந்த வீடு எந்த மருந்தகத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது என்பன போன்று ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டே விடைகளுக்கு இடந்தரும் எந்தச் செய்தியையும் இவ்வட்டவணையில் எழுதிவிடலாம். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இவ்வளவு எளிய பொருளைப் பற்றிக் கேட்கப்படும் வினாக்களுள் சில பாடசாலை மாணவர் ஒருவரின் பென்சிலுக்கே கட்டுப்பட்டுவிடுகின்றன. அதே அளவுள்ள வேறொரு தாயத்தைப் பற்றிய அதே வினாவோ இன்றுள்ள மிகச் சிறந்த கணினிகளையும் திணறடிக்கிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அட்டவணையின் பருமன் அன்று. அதனுள் ஒன்றுகள் அமர்ந்திருக்கும் விதமே என்பதைக் கடந்த நூறாண்டுக் கணிதம் படிப்படியாகக் கண்டறிந்துள்ளது. ஒருபுறம் கடலை அணைத்தபடி நேராக நீளும் காலி வீதியையும், சந்துகளும் சந்திகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கொட்டாஞ்சேனையையும் ஒருங்கே கொண்ட கொழும்பு, அந்த வேறுபாட்டை விளக்குவதற்கு வாய்த்த நகரம்.

வளர்ச்சியின் கணக்கு

பல தெரிவுகளுள் மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களைச் சேர்மான உகப்பாக்க வினாக்கள் என்பர். 60 இடங்கள் உள்ளன, ஒவ்வோர் இடத்திலும் ஒரு தண்ணீர்ப் பந்தல் அமைக்கலாம் அல்லது அமைக்காமல் விடலாம் என்றால், மொத்தத் தெரிவுகள் 2ஐ 60 தடவை பெருக்கி வரும் எண்ணிக்கையாகும். அது 11,500 கோடி கோடியை விஞ்சும். ஒரு நொடிக்கு 100 கோடித் தெரிவுகளைச் சோதிக்கும் கணினியும் அவை அனைத்தையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 36 ஆண்டுகள் எடுக்கும். இடங்கள் 70 ஆனால் அக்காலம் 37,000 ஆண்டுகளைத் தாண்டும். இவ்வாறு ஒவ்வோர் இடம் கூடும்போதும் வேலை இருமடங்காவதை அடுக்குக்குறி வளர்ச்சி என்பர். மாறாக, தரவின் அளவு இருமடங்காகும்போது வேலை நான்கு மடங்கோ எட்டு மடங்கோ ஆவதோடு நின்றுவிட்டால் அது பல்லுறுப்பி வளர்ச்சி எனப்படும். ஒரு வினாவைப் படிப்படியான கட்டளைகளால் தீர்க்கும் நெறிமுறை எந்த வகை வளர்ச்சியைக் கொண்டது என்பதை ஆராயும் துறையே கணிப்புச் சிக்கலியல். பல்லுறுப்பி நேரத்தில் தீர்க்கக்கூடிய வினாக்களை அத்துறை இலகுவானவை என்று கொள்கிறது.

ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு வேல் எழுந்தருளும் பாதையை மனத்திற்கொண்டு ஓர் எடுத்துக்காட்டை அமைக்கலாம். புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்னும் ஏழு இடங்கள் ஏழு நிரல்கள். நடந்து செல்லும் ஐந்து பக்தர் குழுக்கள் ஐந்து நிரைகள். முதற் குழு புறக்கோட்டை முதல் காலிமுகத்திடல் வரையும், இரண்டாவது கோட்டை முதல் கொள்ளுப்பிட்டி வரையும், மூன்றாவது காலிமுகத்திடல் முதல் வெள்ளவத்தை வரையும், நான்காவது பம்பலப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரையும், ஐந்தாவது வெள்ளவத்தை முதல் தெஹிவளை வரையும் நடக்கின்றன. ஒவ்வொரு குழுவும் வழியில் ஒரு பந்தலையேனும் சந்திக்க வேண்டும். பந்தல்களின் எண்ணிக்கையோ மிகக் குறைவாக இருக்க வேண்டும். இது தொடைகளை மூடுதல் என்ற புகழ்பெற்ற வினாவின் ஒரு வடிவம்.

இதற்கு விடை காண்பது எளிது. எந்தக் குழுவின் நடை எல்லாவற்றுக்கும் முன்னதாக முடிகிறதோ அந்தக் குழுவுக்கு எங்கோ ஒரு பந்தல் இருந்தே ஆக வேண்டும். அதை அதன் நடை முடியும் இடத்திலேயே அமைத்தால் பிற குழுக்களுள் மிகப் பலவற்றுக்கு அது பயன்படும், ஏனெனில் மற்றவை எல்லாம் அந்த இடத்திலோ அதற்கு அப்பாலோதான் முடிகின்றன. இவ்வெடுத்துக்காட்டில் முதற் பந்தல் காலிமுகத்திடலில் அமையும். முதல் மூன்று குழுக்களும் அதைக் கடக்கின்றன. எஞ்சியவற்றுள் முதலில் முடிவது நான்காவது குழுவின் நடை. ஆகவே இரண்டாவது பந்தல் வெள்ளவத்தையில் அமைய, ஐந்தாவது குழுவின் தாகமும் தீர்கிறது. இரண்டுக்குக் குறைவாக முடியாது என்பதற்குச் சான்றும் கையிலேயே உள்ளது: முதற் குழுவும் நான்காவது குழுவும் பொதுவாகக் கடக்கும் இடம் ஒன்றுகூட இல்லையாதலால் ஒரே பந்தல் இரண்டுக்கும் உதவாது. ஏழு இடங்களுக்குப் பதிலாக எழுபதாயிரம் இடங்கள் இருந்தாலும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருமுறை நடந்து வந்தால் விடை கிடைத்துவிடும்.

இந்த எளிமை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு நிரையிலும் ஒன்றுகள் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக அமைந்திருப்பதிலிருந்து வந்தது. இதைத் தொடர் ஒன்றுப் பண்பு என்பர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லும் பாதையில் யாரும் நடுவில் பறந்து செல்வதில்லை என்ற சாதாரண உண்மையின் கணித வடிவமே இப்பண்பு.

கலைந்த வரிசையை மீட்டல்

நிரல்கள் ஊரின் ஒழுங்கில் தரப்படாமல் அகரவரிசையில் தரப்பட்டால் அதே தாயம் அடையாளம் தெரியாதபடி மாறிவிடும். இருபது நிரல்களை வரிசைப்படுத்தும் வழிகள் ஏறத்தாழ 24,000 கோடி கோடி. அவற்றுள் ஒன்றுகளைச் சேர்த்து நிறுத்தும் வரிசை உண்டா, உண்டெனில் எது என்பது தனியொரு வினா. இவ்வினா கணிதத்துக்கு வெளியிலிருந்து வந்தது. எகிப்தின் நகாடா முதலிய இடங்களில் அகழ்ந்த சுமார் 900 கல்லறைகளைக் காலவரிசைப்படுத்த முயன்ற தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி, ஒவ்வொரு கல்லறையிலும் கிடைத்த மட்பாண்ட வகைகளை அட்டைத் துண்டுகளில் குறித்து, ஒவ்வொரு வகையும் தொடர்ச்சியான ஒரு காலப்பகுதியில் மட்டும் தோன்றும்படி அந்தத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, 1899இல் தம் முறையை வெளியிட்டார். ஒரு பானை வகை வழக்கிற்கு வந்து, சில காலம் நிலைத்து, மறைந்த பின் மீண்டும் தோன்றாது என்பதே அவர் கொண்ட அடிப்படை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் உயிரியலாளர் சேமூர் பென்சர், ஒரு மரபணுவின் உட்பகுதிகள் நேர்கோடாக அடுக்கப்பட்டுள்ளனவா என்று அறிய முற்பட்டு இதே வகையான பூச்சிய ஒன்று அட்டவணையை எதிர்கொண்டார். அவருடைய ஆய்வைத் தொடர்ந்து 1965இல் டெல்பர்ட் ரே ஃபுல்கர்சனும் ஒலிவர் குரோசும் தொடர் ஒன்றுப் பண்பைச் சோதிக்கும் பல்லுறுப்பி நேர நெறிமுறையொன்றை வகுத்தனர். 1976இல் கெலொக் பூத்தும் ஜோர்ஜ் லூக்கரும் அதைத் தாயத்தை ஒருமுறை படிக்கும் நேரத்துக்கு ஒப்பான நேரத்தில் முடியும் வேலையாக்கினர். பீட்ரி அட்டைகளோடு போராடிய வேலை, இன்று ஆயிரக்கணக்கான நிரல்களுக்கும் கண்ணிமைப்பொழுதில் முடிகிறது.

சென்னை ஐஐடியைச் சேர்ந்த என். எஸ். நாராயணசாமியும் ஆர். சுபாஷிணியும் 2009இல் இப்பண்புக்குப் புதிய இலக்கணம் ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு நிரைக்கும் நேர்கோட்டில் ஓர் இடைவெளியை ஒதுக்க வேண்டும். அந்நிரையில் எத்தனை ஒன்றுகள் உள்ளனவோ அத்தனை இடங்கள் நீளமாக அது இருக்க வேண்டும். எந்த இரண்டு நிரைகள் எத்தனை நிரல்களைப் பொதுவாகக் கொண்டுள்ளனவோ அவற்றின் இடைவெளிகளும் அத்தனை இடங்களையே பொதுவாகக் கொள்ள வேண்டும். இவ்வாறு ஒதுக்க முடிந்தால் தாயத்துக்குத் தொடர் ஒன்றுப் பண்பு உண்டு, முடியாவிட்டால் இல்லை. இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பெறும் எண்ணிக்கைகளே மொத்த அமைப்பையும் தீர்மானித்துவிடுகின்றன என்பதுதான் இம்முடிவின் நயம்.

முக்கோணம் நுழையும் இடம்

இனி கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பலாம். பொன்னம்பலவாணேசுவரர் கோயில், கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், புனித லூசியா பேராலயம் என்னும் மூன்று இடங்களையும் மூன்று குழுக்களையும் எடுத்துக்கொள்வோம். முதற் குழு கோயிலுக்கும் அந்தோனியார் திருத்தலத்துக்கும், இரண்டாவது அந்தோனியார் திருத்தலத்துக்கும் பேராலயத்துக்கும், மூன்றாவது பேராலயத்துக்கும் கோயிலுக்கும் செல்கின்றன. நிரைகள் 110, 011, 101 என்று அமையும். மூன்று நிரல்களை எப்படி மாற்றி வைத்தாலும் ஒரு நிரையில் ஒன்றுகள் பிரிந்தே நிற்கும்; கோடு வளைந்து வட்டமாகிவிட்டது. ஒரு பந்தல் இரண்டு குழுக்களுக்கு மட்டுமே உதவுமாதலால் இரண்டு பந்தல்கள் வேண்டும். ஆனால் பொதுவான இடமே இல்லாத இரண்டு குழுக்களைக் காட்டி அதை நிறுவ இப்போது வழியில்லை; எந்த இரண்டு குழுக்களை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவான ஓர் இடம் உண்டு. காலி வீதியில் கிடைத்த எளிய சான்று இங்கே கைநழுவிப் போகிறது.

இந்த இழப்பை வேறொரு வகையிலும் காணலாம். பந்தல் என்பது முழுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, அரைப் பந்தல், கால் பந்தல் என்று பின்னங்களுக்கும் இடங்கொடுத்தால் வினா நேரியல் திட்டமிடல் எனப்படும் வகையைச் சேர்ந்துவிடும். அவ்வகை வினாக்களைப் பல்லுறுப்பி நேரத்தில் தீர்க்கலாம் என்பதை 1979இல் லியோனிட் கச்சியான் நிறுவினார். அதை நடைமுறைக்கும் உகந்த முறையில் செய்யும் வழியை 1984இல் ஐஐடி மும்பையில் பயின்ற நரேந்திர கர்மார்கர் கண்டார். காலி வீதி போன்ற தாயத்தில் பின்னங்களை அனுமதித்தாலும் பந்தல்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. முழு எண்களாலான உகந்த விடை ஒன்று எப்போதும் இருக்கும். கொட்டாஞ்சேனை முக்கோணத்திலோ மூன்று இடங்களிலும் அரைப் பந்தல் வீதம் அமைத்தால் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு அரைகள் சேர்ந்து ஒன்றாகிவிடும். மொத்தச் செலவு ஒன்றரை. உண்மையான விடையோ இரண்டு. இந்த அரைப் பந்தல் இடைவெளியில்தான் கணிப்பின் கடினம் குடியிருக்கிறது.

மூன்றுக்குப் பதிலாக நான்கு இடங்களும் நான்கு குழுக்களும் வட்டமாக அமைந்தால் என்ன ஆகும்? எதிரெதிரான இரண்டு பந்தல்கள் போதும். பின்னங்களை அனுமதித்தாலும் இரண்டுக்குக் கீழே செல்ல முடியாது. ஆகவே வட்டம் என்பது தன்னளவில் குற்றமற்றது. ஒற்றை எண்ணிக்கை கொண்ட வட்டமே தொல்லைக்கு வித்து. ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் சரியாக இரண்டு ஒன்றுகளைக் கொண்ட, ஒற்றைப்படை அளவுள்ள சதுரப் பகுதி எதையும் தன்னுள் கொண்டிராத துவிதத் தாயத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் குளோட் பெர்ஜ் சமநிலைத் தாயம் என்று வரையறுத்தார். தொடர் ஒன்றுப் பண்புள்ள தாயங்கள் யாவும் சமநிலைத் தாயங்களே. நான்கு மூலை வட்டம்போல அப்பண்பு இல்லாத பலவும் இவ்வகையில் அடங்கும். 1974இல் ஃபுல்கர்சன், அலன் ஹொஃப்மன், ரோசா ஒப்பன்ஹைம் ஆகிய மூவரும் சமநிலைத் தாயங்களில் மூடும் வினாக்களுக்குப் பின்னமற்ற உகந்த விடை எப்போதும் உண்டு என்று நிறுவினர்.

எஞ்சியது ஒரு பெரிய ஐயம். கையில் உள்ள தாயம் சமநிலையானதா என்று எப்படி அறிவது? அதன் ஒற்றைப்படைச் சதுரப் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேடினால் அத்தேடலே அடுக்குக்குறி வேகத்தில் வளரும். இதற்கு விடை கண்ட மூவருள் ஒருவர் இந்தியர்: பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பணிப்பாளராக இருந்த எம். ஆர். ராவ். மிக்கேலே கொன்ஃபோர்ட்டி, ஜெரார் கோர்னுவேஷோல் ஆகியோருடன் இணைந்து அவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, எந்தச் சமநிலைத் தாயத்தையும் குறிப்பிட்ட சில மூட்டுவாய்களில் பிரித்துப் பிரித்து எளிய அடிப்படைத் தாயங்களாகக் குறைத்துவிடலாம் என்று காட்டியது. மரத்தளபாடத்தின் பொருத்துகளைக் கழற்றிப் பலகைகளைத் தனித்தனியே சோதிப்பது போன்ற இம்முறை பல்லுறுப்பி நேரத்தில் முடிவது. இப்பணிக்காக மூவருக்கும் 2000ஆம் ஆண்டு ஃபுல்கர்சன் பரிசு வழங்கப்பட்டது. தொடர் ஒன்றுப் பண்பைச் சோதிக்கும் முறையையும் சமநிலைத் தாயங்களின் சிறப்பையும் கண்டறிந்தவரின் பெயரிலேயே அப்பரிசு அமைந்திருந்தது.

இரண்டிலிருந்து மூன்றுக்கு

தனியார் வகுப்புகள் மலிந்த வெள்ளவத்தையில் ஆசிரியர்களையும் நேரங்களையும் பொருத்துவது நாளாந்த வேலை. ஆசிரியர்கள் நிரைகள், நேரங்கள் நிரல்கள், இயலும் இடத்தில் ஒன்று. ஒரே நிரையிலோ ஒரே நிரலிலோ இரண்டு வராதபடி எத்தனை ஒன்றுகளைத் தெரிவு செய்யலாம்? எல்லா ஒன்றுகளையும் வெட்டிவிடுவதற்குக் குறைந்தது எத்தனை கோடுகளை நிரைகள் நிரல்கள் மேல் போட வேண்டுமோ அத்தனை என்பது 1931இல் ஹங்கேரியக் கணித அறிஞர் டேனெஷ் கேனிக் நிறுவிய தேற்றம். அதை அடியொற்றி ஹெரால்ட் கூன் 1955இல் வெளியிட்ட ‘ஹங்கேரிய முறை’ இன்றும் பாடநூல்களில் கற்பிக்கப்படுகிறது. இவ்வினா இலகுவாவதற்கும் காரணம் பழையதே: ஆசிரியரிலிருந்து நேரத்துக்கும் நேரத்திலிருந்து ஆசிரியருக்கும் மாறி மாறிச் சென்று தொடங்கிய இடத்துக்கு வரும் சுற்று எதுவும் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும்; ஒற்றைச் சுற்றுக்கு இங்கே வாசலே இல்லை.

ஆனால் அதே தாயத்தைப் பற்றிய வினாவைச் சற்றே மாற்றினால் நிலைமை தலைகீழாகிறது. ஆசிரியர்களும் நேரங்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்க, எல்லோரையும் பொருத்தும் ஒரு வழியைக் காண்பது இலகு. அப்படிப் பொருத்தும் வழிகள் மொத்தம் எத்தனை என்று எண்ணுவதோ மிகக் கடினம் என்பதை 1979இல் லெஸ்லி வேலியன்ட் நிறுவினார். மேலும், ஆசிரியர், நேரம் என்ற இரண்டோடு வகுப்பறை என்ற மூன்றாவதும் சேர்ந்து, குறிப்பிட்ட மும்மைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டால், பொருத்தம் ஒன்றைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடுகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஒரு படிதான். ஆனால் அந்தப் படியில்தான் இலகுவும் கடினமும் பிரிகின்றன.

கடினம் என்ற சொல்லுக்குத் துல்லியமான பொருளைத் தந்தவர்கள் 1971இல் ஸ்டீவன் குக்கும், தனித்து உழைத்து 1973இல் தம் முடிவை வெளியிட்ட சோவியத் அறிஞர் லியோனிட் லெவினும் ஆவர். கொடுக்கப்பட்ட விடையொன்று சரியா என்று விரைவாகச் சோதிக்கக்கூடிய வினாக்கள் பல உண்டு. அவற்றுக்கு விடையைக் கண்டுபிடிப்பதும் விரைவாக முடியுமா என்பது வேறு கேள்வி. இவ்வகை வினாக்களுள் சிலவற்றில் ஏதேனும் ஒன்றை விரைவாகத் தீர்க்கும் வழி கிடைத்தால் மற்றவை யாவும் அதே வழியில் தீர்ந்துவிடும் என்றவாறு அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டுள்ளன. அவற்றை என்பி முழுமை வினாக்கள் என்பர். 1972இல் ரிச்சர்ட் கார்ப் அத்தகைய 21 வினாக்களைப் பட்டியலிட்டார். பின்னங்களுக்கு இடந்தராத பூச்சியம் ஒன்று திட்டமிடல், தொடைகளை மூடுதல், மும்மைப் பொருத்தம் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. இவற்றுக்குப் பல்லுறுப்பி நேர நெறிமுறை உண்டா இல்லையா என்பதை நிறுவுவோருக்கு 2000ஆம் ஆண்டு கிளே கணித நிறுவனம் அறிவித்த பத்து இலட்சம் டொலர் பரிசு இன்னும் கொடுபடாமல் இருக்கிறது.

கடினத்தோடு வாழ்தல்

கடினமான வினா என்பதற்காக நகரம் தன் வேலையை நிறுத்திவிடாது. அத்தகைய வினாக்களை அணுகும் வழிகளுள் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கன.

முதலாவது, வினாவின் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பது. ஒவ்வொரு வீதித் துண்டையும் அதன் இரு முனைச் சந்திகளுள் ஒன்றிலாவது கமரா வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்போம். வீதித் துண்டுகள் நிரைகள், சந்திகள் நிரல்கள். ஒவ்வொரு நிரையிலும் இரண்டே ஒன்றுகள். இவ்வளவு மெலிந்த தாயத்திலும் மிகக் குறைந்த கமராக்களைக் காண்பது பொதுவாக என்பி முழுமையானதே. இதுவும் கார்ப்பின் பட்டியலில் உள்ளது. ஆயினும் 20 கமராக்கள்தான் கைவசம் உள்ளன என்றால், கண்காணிக்கப்படாத ஏதேனும் ஒரு வீதியை எடுத்து, அதன் இரு முனைகளுள் ஒன்றில் கமரா இருந்தே ஆக வேண்டும் என்பதால் இரண்டு கிளைகளாகப் பிரிந்து தேடலாம். இருபது படிகளில் கிளைகள் 10,48,576க்கு மேற்படா. நகரம் எவ்வளவு பெரிதானாலும் அக்கிளைகளின் எண்ணிக்கை மாறாது. இவ்வாறு கடினத்தை ஒரு சிறிய எண்ணுக்குள் அடைத்துவிடும் ஆய்வுநெறியில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் உலக அளவில் பெயர் பெற்றது. வெங்கடேஷ் ராமன், சாகேத் சௌரப் முதலியோர் அங்கு அதை வளர்த்தனர். ஒரு தாயத்திலிருந்து மிகச் சில நிரைகளை நீக்கி எஞ்சியதைத் தொடர் ஒன்றுப் பண்புக்குக் கொண்டுவரும் வினாவும் என்பி முழுமையானது. அதற்கும் நாராயணசாமியும் சுபாஷிணியும் 2015இல் வெளியான ஆய்வில் இவ்வகை நெறிமுறையைத் தந்தனர். நீக்கும் நிரை ஒன்று கூடும்போது கிளைகள் பத்து மடங்காகும். தாயத்தின் பருமன் கூடுவதால் வேலை பல்லுறுப்பி அளவிலேயே வளரும். கோடாக இல்லாத நகரம், கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, மிகச் சிறந்த விடைக்குப் பதிலாக அதற்கு அணித்தான விடையோடு நிறைவடைவது. மூடும் வினாவில், இன்னும் தாகத்தோடு இருக்கும் குழுக்களுள் மிகப் பலவற்றுக்கு உதவும் இடத்தை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுப்பது எவருக்கும் தோன்றும் வழி. இவ்வாறு கிடைக்கும் விடை உகந்த விடையை விட எத்தனை மடங்கு மோசமாகலாம் என்பதற்கு 1970களில் எல்லை வகுக்கப்பட்டது. குழுக்கள் 1,000 என்றால் அது ஏறத்தாழ ஏழரை மடங்கை மீறாது. இந்த எல்லையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கப் பல்லுறுப்பி நேரத்தில் எவராலும் இயலாது என்பதை 1998இல் ஊரியல் ஃபைகே ஒரு வலுவான கருதுகோளின் பேரில் காட்டினார். என்பி முழுமை வினாக்கள் உண்மையிலேயே கடினமானவை என்று மட்டும் கொண்டாலே அது போதும் என்பதை 2014இல் இரிட் டினூரும் டேவிட் ஸ்டொயரரும் நிறுவினர். கமரா வினாவுக்கு இதனினும் நல்ல உறுதி உண்டு. பின்ன விடையைக் கண்டு, அரையும் அதற்கு மேலும் வந்த சந்திகளிலெல்லாம் கமரா வைத்தால் செலவு உகந்ததின் இருமடங்கை மீறாது. முக்கோணத்தில் இம்முறை மூன்று சந்திகளிலும் கமரா வைக்கும். உகந்த விடை இரண்டு.

வெள்ளவத்தையின் வரைபடத்தை இவ்வளவும் அறிந்த கண்ணோடு பார்த்தால், அது முன்பு தோன்றிய அளவுக்கு நேரானதல்ல என்பது புலப்படும். காலி வீதிக்கு இணையாகக் கடலோரம் மரைன் டிரைவ் செல்கிறது. இரண்டையும் பல ஒழுங்கைகள் இணைக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு ஒழுங்கைகளுக்கும் இரண்டு வீதிகளுக்கும் இடையே ஏணியின் படிகளுக்கிடையிலான வெளிபோல் நான்கு மூலைகள் கொண்ட கட்டங்கள் உருவாகின்றன. கட்டங்கள் எல்லாம் நான்கு மூலைகளோடு நின்றால் ஒற்றைச் சுற்றுக்கு இடமின்றிக் கமரா வினா கேனிக்கின் தேற்றத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் காலி வீதியின் மறுபக்கத்திலிருந்து ஓர் ஒழுங்கை வந்து அந்த இரண்டு ஒழுங்கைகளுக்கும் நடுவே சந்தித்தால் அங்கே ஐந்தாவது சந்தி பிறக்கிறது, கட்டம் ஐங்கோணமாகிறது, ஒற்றைச் சுற்று உள்ளே வந்துவிடுகிறது. ஒரு சுற்று வந்த மாத்திரத்தில் வினா தீராததாகிவிடுவதில்லை எனினும், தேற்றம் தந்த உறுதி அந்தச் சந்தியோடு முடிந்துபோகிறது. காலி வீதி வழியே நடப்பவர்களுக்குப் பந்தல் அமைக்க முனைவோருக்கு இதே வெள்ளவத்தை நேர்கோடு. வீதிகளைக் கண்காணிக்க முனைவோருக்கு ஐங்கோணங்கள் செறிந்த வலை. ஊர் மாறவில்லை, கேட்ட கேள்வி மாற, தாயம் மாறியது. ஆதலால் கணினியின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன், கேள்வியை எழுதிய தாயத்தில் ஒன்றுகள் எவ்வாறு அமர்ந்துள்ளன, அங்கே ஒற்றைச் சுற்று உண்டா என்று பார்ப்பதே இத்துறை கற்பிக்கும் முதற் பாடம். அதைப் பார்ப்பதற்குப் பல வேளைகளில் ஒரு தாளும் பென்சிலுமே போதும்.